உப்புக்கறைக்கு ஆசிட் வேண்டாம், ஊறப்போட நேரம் கொடுங்க

சாமிதோப்பு பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. வீடு கட்டி ரெண்டு வருஷம் ஆகுது, போர் தண்ணி. பாத்ரூம் டைல்ஸ் இடுப்பளவுக்கு வெள்ளை பூத்துப் போச்சு, ஷவர்ல பாதி ஓட்டை அடைஞ்சு கிடக்கு. கடையில கொடுத்த ஆசிட்டை ரெண்டு தடவை ஊத்தினாங்க. கறை கொஞ்சம் போச்சு, ஆனா பைப்புல கறுப்புப் புள்ளி விழுந்துட்டு. தண்ணியில இருக்கிற சுண்ணாம்பைக் குறைக்கிற சாஃப்ட்னர் மெஷின் வாங்கினா தீருமா? மார்த்தாண்டத்துல தங்கச்சி வீட்டு பாத்ரூம்ல சிவப்புக் கறை, அதுக்கும் இதே மருந்துதானா? இதுதான் கேள்வி.

நான் நாகர்கோவில்ல பிளம்பிங் வேலை பார்க்க ஆரம்பிச்சு இருபத்தி நாலு வருஷம் ஆகுது. நம்ம மாவட்டத்துல கிழக்கேயும் மேற்கேயும் தண்ணியோட குணம் ஒண்ணு இல்லை. அகஸ்தீஸ்வரம் பக்கம் உப்பளத்தை ஒட்டியும் கடலோரத்துலயும் போர் போட்டவங்க வீட்டுல நான் பார்க்கிறது பெரும்பாலும் வெள்ளைக் கறை. குழித்துறை, மார்த்தாண்டம்னு மேற்கே போகப் போக செம்மண்ணும் வெட்டுக்கல்லும். அங்க தண்ணியில இரும்பு. அதனால உங்களுக்கும் தங்கச்சிக்கும் ஒரே மருந்து கிடையாது. மருந்தை மாத்திப் போட்டா கறை போகாதது மட்டுமில்லை, இன்னும் இறுகவும் செய்யும்.

முதல்ல கையில இருக்கிற ஆசிட்டை நிறுத்துங்க. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கறையைக் கரைக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா டைல்ஸ் ஜாயிண்டுல இருக்கிற சிமெண்டும் சுண்ணாம்பு வகைதான், அதையும் சேர்த்து அரிக்கும். ஜாயிண்ட் அரிச்சா தண்ணி உள்ள இறங்கும், அடுத்த ரூம் சுவர் ஓதம் அடிக்கும். ஊத்தும்போது வர்ற புகை மேலேறி பைப்புல, டவல் ராடுல, கதவு கொண்டியிலன்னு எல்லாத்துலயும் படியும். உங்க பைப்புல விழுந்த கறுப்புப் புள்ளி அந்தப் புகை செஞ்ச வேலைதான். ஸ்டீல் வடிகட்டி மூடியிலயும் ஊசி குத்தின மாதிரி குழி விழும்.

இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். வேலை படிச்ச காலத்துல ஒரு வீட்டுல பால்காய்ப்புக்கு முந்தின நாள், புது டைல்ஸ்ல இருந்த சிமெண்ட் பூச்சை எடுக்க ஆசிட் ஊத்திக் கழுவினேன். மழை அடிச்சதால வெண்டிலேட்டரைச் சாத்தியிருந்தாங்க. காலையில போய்ப் பார்த்தா புத்தம்புது பைப் நாலும் பளபளப்பு செத்து, சாம்பல் பூசின மாதிரி நிக்குது. அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டலை. பைப்பைத் தடவிப் பார்த்துட்டு உள்ள போயிட்டாங்க. நாலு பைப்புக்கும் காசு கொடுத்தேன். அன்னையில இருந்து பாத்ரூம் வேலைக்கு அந்தக் குப்பியைத் தொட்டதில்லை.

இன்னொரு விஷயம், இதை மட்டும் தயவுசெஞ்சு மறக்காதீங்க. மழைக்காலத்துல பாசி வழுக்காம இருக்க நாம பாத்ரூம் தரையில பிளீச்சிங் பவுடர் போடுவோம். அந்தத் தரையில ஆசிட்டோ, டாய்லெட் கிளீனரோ, வினிகரோ, எந்தப் புளிப்பும் சேரக்கூடாது. சேர்ந்தா குளோரின் வாயு வரும். சின்ன பாத்ரூம், சாத்தின கதவு, உள்ள ஒரு ஆள். உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் போட்ட நாள்ல நல்லா தண்ணி விட்டுக் கழுவி, மறுநாள் மத்த வேலையைப் பாருங்க.

இனி வெள்ளைக் கறை என்னன்னு பார்க்கலாம். தண்ணி மண்ணுலயும் பாறையிலயும் இறங்கும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பைகார்பனேட்டாக் கரைச்சு எடுத்துக்கிட்டு வரும். கரைஞ்சிருக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. சூடாக்கினாலோ, சுவர்ல அப்படியே காய விட்டாலோ கரியமில வாயு பிரிஞ்சு போயிடும், கால்சியம் கார்பனேட் கெட்டியாப் படிஞ்சுடும். கன்னியாகுமரி கடைத்தெருவுல விக்கிற சங்கும் சிப்பியும் இதே பொருள்தான். உங்க ஷவர் ஓட்டையில வளர்ந்து நிக்கிறது ஒரு வகையில சிப்பி ஓடு. அதைக் கம்பி நாரால சுரண்டினா பைப்புல கீறல்தான் விழும். புளிப்புல ஊறப்போட்டா தானாக் கரையும்.

அதுக்கு எலுமிச்சை உப்பு போதும். சிட்ரிக் ஆசிட்னு கேட்டாலும் பலசரக்குக் கடையில கொடுப்பாங்க, வெள்ளைச் சீனி மாதிரி இருக்கும். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 50 கிராம். கொதிக்கிற தண்ணி வேண்டாம். ரொம்பச் சூட்டுல கால்சியம் சிட்ரேட் கரையாம வெள்ளை மாவாத் திரும்பப் படியும். வினிகரும் ஆகும், அதுல அசிட்டிக் ஆசிட் 4, 5 சதவீதம்தான் இருக்கும், கூட நேரம் ஆகும், வாடை தங்கும். வினிகரையும் ஆப்பச் சோடாவையும் கலந்து ஊத்தச் சொல்லி நிறைய பேர் காட்டுறாங்க. பொங்குறதைப் பார்த்தா வேலை நடக்கிற மாதிரி இருக்கும். உண்மையில ஒண்ணு புளிப்பு, ஒண்ணு காரம், ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு மிஞ்சுறது வெறும் உப்புத் தண்ணிதான்.

வேலை தொடங்குறதுக்கு முன்னால, கறை மேல ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்க. குமிழி வந்தா சுண்ணாம்பு. குமிழியே வராம, விரலுக்கு மெழுகு மாதிரி வழுவழுன்னு இருந்தா அது சோப்பு. கட்டிச் சோப்பு கால்சியத்தோட சேர்ந்தா நுரை வராது, தயிர் மாதிரித் திரிஞ்சு சுவர்ல ஒட்டும். பெரும்பாலும் ரெண்டும் கலந்துதான் இருக்கும். அப்போ முதல்ல எலுமிச்சை உப்பு, கழுவின பிறகு பாத்திரம் தேய்க்கிற திரவம். குமிழியும் இல்லை, வழுவழுப்பும் இல்லை, கண்ணாடியில நிரந்தரமா மங்கல் மட்டும் இருந்தா அது கறையே இல்லை, மேல்பரப்பு அரிச்ச தடம். அதுக்கு எதை ஊத்தியும் பிரயோஜனம் இல்லை.

ஷவரைக் கழத்த முடிஞ்சா கழத்தி வாளியில போடுங்க. முடியலைன்னா பிளாஸ்டிக் கவர்ல கரைசலை ஊத்தி, ஷவர் முகம் முங்குற மாதிரி மாட்டி நூலால கட்டிடுங்க. பைப் முனையில இருக்கிற வலைக்கு பிளம்பருங்க ஃபோம் ஃப்ளோன்னு சொல்லுவோம். அதைத் துணி சுத்திக் கையால திருகினா வந்துடும். ஒரு கண்ணாடி டம்ளர்ல கரைசலை ஊத்தி அதைப் போட்டுட்டு கொஞ்ச நேரம் பக்கத்துல இருந்து பாருங்க. முதல்ல ஒண்ணும் நடக்காது. அப்புறம் வலையோட ஓரத்துல கடுகை விடச் சின்னதா குமிழி வரிசையா ஒட்டி நிக்கும். ஒண்ணு பிரிஞ்சு மேல போனா அந்த இடத்துல இன்னொண்ணு வரும். அரைமணி நேரத்துல அடியில மணல் மாதிரி இறங்கியிருக்கும். எடுத்துத் தட்டினா சின்னச் சில்லா உதிரும், பழைய பல் பிரஷால தேய்ச்சா வலைக் கண்ணு ஒவ்வொண்ணா வெளிச்சம் காட்டும். குமிழி வர்றது நின்னும் கறை மிச்சம் இருந்தா, கரைசல் செத்துப்போச்சுன்னு அர்த்தம். புதுசா கலக்குங்க. ஒரு கிராம் சுண்ணாம்பைக் கரைக்க கிட்டத்தட்ட ஒண்ணேகால், ஒண்ணரை கிராம் எலுமிச்சை உப்பு செலவாகும்.

சுவர் டைல்ஸுக்கு ஸ்பிரே அடிச்சா வழிஞ்சு கீழ போயிடும், அஞ்சு நிமிஷத்துல காஞ்சும் போயிடும். முதல்ல வெறும் தண்ணியால சுவரை நல்லா நனைச்சிடுங்க. ஜாயிண்ட் அந்தத் தண்ணியைக் குடிச்சிட்டா புளிப்பை அவ்வளவா உறிஞ்சாது. அப்புறம் ஒரு பழைய துவர்த்தை, அதாவது குளிச்சுத் துடைக்கிற துண்டை, கரைசல்ல முக்கி, சுவரோட ஒட்டி விடுங்க, காயாம இருக்க மேல பிளாஸ்டிக் ஷீட். இருபது, முப்பது நிமிஷம். எடுத்துட்டு தேங்காய் மட்டைக் கதம்பைத் துண்டாலயோ பிளாஸ்டிக் பிரஷாலயோ லேசாத் தேய்ச்சுக் கழுவுங்க. கதம்பை நல்ல பொருள், டைல்ஸ்ல கீறல் விழாது. ரெண்டு வருஷக் கறை ஒரே நாள்ல போகணும்னு நினைக்காதீங்க. அடுக்கு அடுக்காத்தான் ஏறியிருக்கு, அடுக்கு அடுக்காத்தான் இறங்கும். மூணு வாரம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை செஞ்சாலே டைல்ஸ் நிறம் தெரிய ஆரம்பிக்கும்.

குரோம் பூச்சு உள்ள பைப்புக்கு பத்து, பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல வைக்காதீங்க. உங்க பைப்புல ஏற்கெனவே புள்ளி விழுந்த இடத்துல பூச்சு விட்டுப்போச்சு, அங்க எந்தப் புளிப்பும் படாம விடுங்க, பூச்சு திரும்ப வராது.

கல் விஷயத்துல ரொம்பக் கவனம். சோப்பு வைக்கக் கடப்பாக்கல் தட்டு போட்டிருந்தா, அது சுண்ணாம்புக்கல். கோட்டா கல்லும் அதே. மார்பிளும் மொசைக்கும் அப்படித்தான். எலுமிச்சை உப்பு கறையை எப்படிக் கரைக்குமோ அப்படியே கல்லையும் கரைக்கும். பழைய வீடுகள்ல இருக்கிற சிவப்பு ஆக்சைடு தரையும் சிமெண்ட்தான், புளிப்பு ஆகாது. நம்ம ஊர்ல அந்தத் தரையைப் போடத் தெரிஞ்ச கை குறைஞ்சுக்கிட்டே வருது, அதை ஆசிட் ஊத்தி அழிச்சிடாதீங்க. இது மாதிரி இடங்களுக்கு சோப்புத் தண்ணியும் கதம்பையும் பொறுமையும் மட்டும்தான்.

கிளாசெட்டுக்குள்ள தண்ணி நிக்கிற மட்டத்துல வளையம் விழுந்திருந்தா, ஒரு கப்பால தண்ணியை மோந்து வெளியேத்திட்டு, 50 கிராம் எலுமிச்சை உப்பை ஈரத்துல தூவி ராத்திரி விட்டுடுங்க. ஃப்ளஷ் டேங்க் நிறையுறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டா உள்ள வால்வுல உப்பு அடைச்சிருக்கும், 100 கிராமைக் கரைச்சு டேங்குலயே ஊத்தி ராத்திரி வச்சிடுங்க. கீசர் வேலையை மட்டும் நீங்க எடுக்காதீங்க, ஆளைக் கூப்பிட்டு காயிலை எடுத்துக் கழுவச் சொல்லுங்க. சூட்டை 50, 55 டிகிரியில வச்சாலே படியுறது குறையும். சேஃப்டி வால்வு உப்பு ஏறி அடைஞ்சிருக்கான்னு பார்க்கச் சொல்ல மறக்காதீங்க.

இனி தங்கச்சி வீட்டுக்கு வர்றேன். ஒரு வெள்ளை பக்கெட்டுல மோட்டார் தண்ணியைப் பிடிச்சு சாயங்காலம் வரைக்கும் வைக்கச் சொல்லுங்க. வரும்போது பளிங்கு மாதிரி இருந்துட்டு அப்புறம் மஞ்சளாகி, அடியில செம்பொடி இறங்கினா அது இரும்பு. காத்துப் பட்டதும் துருவா மாறுது. மேல எண்ணெய் மிதக்கிற மாதிரி மினுமினுப்பு தெரியலாம். அதைக் குச்சியால தொட்டா கண்ணாடித் தகடு உடைஞ்ச மாதிரித் துண்டு துண்டாப் பிரியும். எண்ணெய்ன்னா திரும்ப ஒண்ணு சேர்ந்துடும்.

இந்தக் கறைக்கு ஆக்சாலிக் ஆசிட் நல்லது. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி. பத்து, பதினஞ்சு நிமிஷத்துல சிவப்பு இளகும். ஆனா இது விஷம். கையுறை கட்டாயம், பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல வைக்கணும், நிறைய தண்ணி விட்டுக் கழுவணும். இதே பொருளைச் சுண்ணாம்புக் கறையில போட்டா கரையாத கால்சியம் ஆக்சலேட்டா மாறி இன்னும் ஒட்டிக்கும். மாத்திப் போடாதீங்கன்னு நான் முதல்லயே சொன்னது இதுக்குத்தான். லேசான கறைன்னா கடைக்கே போக வேண்டாம். மலையாளத்துல இரும்பன்புளின்னு சொல்லுவாங்களே, புளிஞ்சிக்காய், அதுல ஆக்சாலிக் அமிலம் இருக்கு. எங்க அம்மச்சி மீன் வெட்டுற அரிவாள் துருவை அதை ரெண்டா நறுக்கித் தேய்ச்சுத்தான் எடுப்பா. மேற்கே பாதி வீட்டுக் கொல்லையில அந்த மரம் நிக்கும். இரும்புக் கறை மேல பிளீச்சிங் பவுடரை மட்டும் போடவே கூடாது, இரும்பை இன்னும் துருவாக்கி இறுக்கிடும்.

தங்கச்சிக்குத் தடுக்கிற வழி, தண்ணியைக் காத்தாட விடுறது. மாடி டேங்குல விழுற குழாய் முனையில ஷவர் மாதிரி ஓட்டை போட்டுத் தூவலா விழ வச்சு, ராத்திரி முழுக்கத் தெளிய விட்டு, மேல்தண்ணியை எடுக்கிற மாதிரிக் குழாயை அடியில இருந்து ஒரு சாண் உயர்த்தி வச்சாலே செம்பொடியில பெரும்பங்கு டேங்குல நின்னுடும். இரும்பு ரொம்ப அதிகம்னா மணல் ஃபில்டர் வேணும். டேங்கை மாசத்துக்கு ஒரு தடவை கழுவணும்.

உங்க வீட்டுக்குத் தடுக்கிற வழியை ஒரு கணக்கு வச்சுச் சொல்றேன். தண்ணியில கரைஞ்சிருக்கிற கால்சியம், மெக்னீசியத்தோட அளவைத்தான் கடினத்தன்மைன்னு சொல்றது. ஒரு லிட்டர்ல அது 400 மில்லிகிராம் இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒருத்தர் குளிச்ச பிறகு சுவர்லயும் தரையிலயும் 200 மில்லி தண்ணி வழியாம நின்னு காயுதுன்னா, 80 மில்லிகிராம் அங்கேயே தங்குது. நாலு பேர், 365 நாள். வருஷத்துக்கு 117 கிராம் கல்லை நாமளே சுவர்ல பூசுறோம். வடிஞ்சு போற தண்ணி கறை போடாது, காயுற தண்ணிதான் போடும். அதனால பத்து வருஷமா எல்லார்கிட்டயும் நான் சொல்றது ஒண்ணுதான், பாத்ரூம் ஆணியில ஒரு சின்ன ரப்பர் வைப்பர் தொங்கட்டும். கடைசியாக் குளிக்கிறவங்க சுவரை மேலிருந்து கீழ ரெண்டு இழுப்பு, தரையை ஒரு இழுப்பு, பைப்பைத் துவர்த்தால ஒரு துடைப்பு. முக்கால் நிமிஷம் ஆகும். சொட்டுற பைப்புக்கு வாஷர் மாத்துங்க, வெண்டிலேட்டரைத் திறந்து வைங்க. பைப்புக்கும் கண்ணாடிக்கும் கார் மெழுகு மெல்லிசாப் பூசினா தண்ணி நிக்காம உருண்டுடும். சிலர் தேங்காய் எண்ணெய் தடவுறாங்க, கொஞ்ச நாள்ல பிசுக்காகி தூசி ஏறும், எனக்குப் பிடிக்கலை. தரையில எதையும் பூசிடாதீங்க, வழுக்கும்.

சாஃப்ட்னர் வாங்குறதுக்கு முன்னால தண்ணியைச் சோதிச்சுக்கோங்க. டி.டி.எஸ். மீட்டரைக் காட்டி விக்க வர்றவங்க சொல்றதை நம்ப வேண்டாம். அது கரைஞ்ச உப்பு மொத்தத்தையும்தான் காட்டும். உப்பளத்துப் பக்கம் சாப்பாட்டு உப்பே தண்ணியில இருக்கும், அதுக்கும் எண் ஏறும், ஆனா அது இந்த மாதிரிக் கல்லாப் படியாது. கடினத்தன்மைன்னு தனியாக் கேளுங்க. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல பார்ப்பாங்க. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, 2012ஆம் வருஷப் பதிப்பு, 200 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு சொல்லுது, வேற தண்ணியே இல்லைன்னா 600 வரைக்கும் அனுமதி. 200, 300ன்னு வந்தா வைப்பரே போதும், பணத்தைச் செலவழிக்காதீங்க. 500, 600ன்னு வந்து, கீசரும் வாஷிங் மெஷினும் அடிக்கடி கெட்டுப்போனா வாங்கலாம்.

வாங்கினா ரெசின்கிற சின்ன பிளாஸ்டிக் மணி உள்ளதா வாங்குங்க. அது கால்சியத்தைப் பிடிச்சுக்கிட்டு சோடியத்தை விடும். ரெசின் நிறைஞ்சதும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவணும். 400 மில்லிகிராம் தண்ணியை ஒரு நாளைக்கு 500 லிட்டர் ஓட்டினா, 25 லிட்டர் ரெசினுக்கு ஏறக்குறைய ஆறு நாளைக்கு ஒரு தடவை, தடவைக்கு மூணு கிலோ உப்பு வரைக்கும் ஆகும். உப்புச் சுவையை அது போக்காது. ரத்த அழுத்தம் உள்ளவங்க அந்தத் தண்ணியைக் குடிக்க வேண்டாம். கழுவி விடுற உப்புத் தண்ணியை வாழை மூட்டுல விட்டா வாழை போயிடும், கிணத்துப் பக்கமும் விடாதீங்க. குழாய்ல காந்தம் மாட்டுறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். மாட்டுறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் சோதிச்சா கடினத்தன்மை எண் அதேதான் வரும். படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும், கடினத்தன்மையைக் குறைக்காது.

உங்ககிட்ட இன்னொரு நல்ல தண்ணி இருக்கு. நம்ம மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டு மழையும் உண்டு, மழைத்தண்ணியில சுண்ணாம்பு இல்லை. 2003ல தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினப்போ போட்ட குழாய் பல வீட்டுல இன்னும் மண் மூடித்தான் கிடக்கு. புது வீடுன்னா உங்க வீட்டுலயும் இருக்கணும். முதல் மழையை வெளியே விட்டுட்டு, அடுத்த மழையை ஒரு தனி டேங்குல பிடிச்சு, ஷவருக்கும் கீசருக்கும் மட்டும் ஒரு லைன் இழுத்துடுங்க. மழை இருக்கிற மாசங்கள்ல போர் தண்ணி ஃப்ளஷுக்கு மட்டும் போகட்டும். டேங்க் மட்டம், குழாய் அளவு, பாத்ரூம் எத்தனைன்னு எழுதுங்க, லைன் எப்படி இழுக்கிறதுன்னு நான் வரைஞ்சு தர்றேன்.